வாற கிழமை பாப்பம்

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அறுத்து எடுத்து, இப்போது இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இதை எழுதிவைக்கச் சொல்லிப் பலதரம் கேட்டார்கள். நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். நோயைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அதை எழுதினால் ஜெமீலாவையும் எழுத வேண்டும். அவவை எழுதினால் நான் செய்யாமல் விட்டதையும் எழுத வேண்டும்.

நான் ஒரு மருத்துவிச்சி; ஊர்ப் பெண்களுக்கு 'மிஸ்ஸி'. முல்லைத்தீவு நகரத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். கரையில் சண்டை வந்தபோது நானும் என் கணவர் ஜோசப்பும் சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக்கு வந்தோம். கடல் தொழிலுக்குப் போன மனுசன் அதன் பிறகு நந்திக்கடல் களப்பில் இறால் பிடித்தார். நான் ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில் தாய் சேய் கிளினிக் நடத்தினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பிறப்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் கரை முழுக்க இருந்தார்கள்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னர், ஒருநாள் பின்னேரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நோவில்லை. அழுத்தினால் நழுவவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவசரமாகக் குளித்து முடித்து உடுப்பை மாற்றிக்கொண்டேன்.

நோவில்லாத, நழுவாத கட்டிதான் கூடாதது என்று பயிற்சிக் காலத்திலேயே படித்தவள் நான். தெரியாமல் இருந்தேன் என்று சொல்லி ஒளிக்க எனக்கு இடமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன்.

காரணங்களுக்குக் குறைவில்லை. மலேரியா பரவியிருந்தது. மூன்று பேர் செய்கிற வேலையை நான் ஒருத்தி செய்துகொண்டிருந்தேன். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், சண்டையால் மூடிய பாதை திறக்கவேண்டும். அந்தோனியார் திருநாள் முடியட்டும், அந்த வயிற்றுப்பிள்ளைக்காரியின் பேறு முடியட்டும், அடுத்த கிழமை பார்ப்போம் என்று நாட்களைத் தள்ளினேன். கிணற்றடியில் அந்தப் பக்கத்துக்குச் சவுக்காரம் போடுவதை நிறுத்தினேன். தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

வைகாசி மாதம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் வீதியால் நிரைநிரையாக நடந்து போய்க்கொண்டிருந்த நாள். ஜோசப் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்; காய்ச்சல் வந்தால் அவர்தான் தோய்ப்பார். என்னுடைய உள்சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ரீட்டா, இதென்ன ரத்தம்?"

"கீறினது."

"எதிலை கீறினது?"

அவர் சட்டையைக் கதிரையில் விரித்துப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நிலத்தில் குந்தினார்.

"எவ்வளவு நாளா?"

"நத்தாருக்கு முன்னம்."

"நீ ஊர்ப் பெண்டுகளுக்கெல்லாம் புத்தி சொல்லுறனி..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, தோய்த்த சட்டையைத் திரும்பவும் கொண்டுபோய் அலசிக் கொடியில் போட்டார். அன்றைக்கே என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இடம்பெயர்ந்து வந்து கொட்டிலில் இயங்கிய ஆஸ்பத்திரி அது. டொக்டர் வயதில் என் தம்பி மாதிரி. என்னோடு எத்தனையோ பிள்ளைப்பேறுகளில் நின்றவர். மறைப்புச் சீலைக்குப் பின்னால் பார்த்துவிட்டுக் கை கழுவினார். முலைக்காம்பு உள்ளே இழுபட்டிருந்தது. அக்குளில் இன்னொரு சிறிய முடிச்சும் இருந்தது.

"அக்கா, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

"தெரிஞ்சாலும் சொல்லுங்கோ தம்பி. வேறை ஆள் சொல்லிக் கேக்க வேணும்."

"கான்சர் எண்டுதான் நான் நினைக்கிறன். இஞ்சை ஒண்டும் செய்யேலாது. கெதியாக் கொழும்புக்குப் போங்கோ."

பாஸ் தருகிறவர்கள் பிணை கேட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்பதற்கு ஜோசப்தான் பிணை நின்றார். அதனால் அவர் என்னோடு வர முடியவில்லை. பாதை திறந்த நாளில், நோயாளிகளை ஏற்றிய வண்டியில், ஒரு பையோடு தனியாகப் போனேன். இயக்கத்தின் பக்கமும் இராணுவத்தின் பக்கமும் சோதனை. என் கடிதத்தை வாங்கி வாசித்த இராணுவப் பெண் என் மார்பைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கடிதத்தைத் திருப்பித் தந்தாள். வவுனியாவில் ஒரு முகாமில் பதினெட்டு நாள் காத்திருந்து, கடைசியில் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நீளமான ஒரு காத்திருப்பு மண்டபம். வாங்குகளில் எங்கு பார்த்தாலும் உட்கார்ந்திருக்கும் பெண்கள். ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு மஞ்சள் நோயாளர் அட்டை. பேச்செல்லாம் சிங்களம். எனக்குக் கொஞ்சம் தெரியும், ஆனால் பயம் வந்தால் இருக்கிற மொழியும் போய்விடும். முதலில் ஊசி குத்திக் கட்டிக்குள் இருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி, கூடாத கலங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு மற்ற மார்பை இரண்டு தட்டுகளுக்கு இடையில் நசுக்கி எக்ஸ்ரே எடுத்தார்கள். கொஞ்சம் நோகும், நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். கைக்குத் தட்டுப்படாத சிறிய கட்டியையும் அந்தப் படம் காட்டும் என்று அங்கே படம் எடுத்த பெண்பிள்ளை சொன்னாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மெசின் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

முடிவு வந்தது. இடது மார்பு முழுவதையும், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் போத்தலுக்குள் போய்க்கொண்டிருந்தது. இடது கையை அசைக்க முடியவில்லை. தலையைத் திருப்பினேன். பக்கத்துக் கட்டிலில் முக்காடு போட்ட ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"நீங்கள் ரீட்டா மிஸ்ஸி எல்லோ?"

ஜெமீலா. முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மனைவி. அவவின் மூன்று பிள்ளைகளும் என்னுடைய தராசில்தான் நிறை பார்க்கப்பட்டவர்கள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, ஒரு பையோடு அவவும் போனவ. அன்றைக்கு நாங்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இப்போதுதான் காண்கிறேன். புத்தளம் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இருக்கிறாவாம்.

அவவை அடையாளம் காண எனக்கு நேரம் எடுத்தது. அவ்வளவுக்கு உருக்குலைந்திருந்தா. கட்டிலைச் சுற்றி ஒடிகொலோன் மணத்தது. அந்த மணத்துக்குக் கீழே இன்னொரு மணம் இருந்தது. கட்டி தோலை உடைத்துப் புண்ணாகி வந்தவ அவ. வெட்டக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டது.

"எப்ப கண்டனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு வருசத்துக்கு மேலை மிஸ்ஸி. முதல் ஒரு சின்ன உருண்டை. பால் கட்டினது எண்டு நினைச்சன். கடைசிப் பிள்ளைக்குப் பால் மறந்தே எத்தினை வருசம், அதைக்கூட யோசிக்கேல்லை. முகாமிலை எல்லாரும் ஒரே இடத்திலை உடுப்போடைதான் குளிக்கிறது. ஆருக்குக் காட்டுறது? டொக்டரும் ஆம்பிளை. எண்ணெய் பூசினன். பிறகு மணக்கத் தொடங்கிட்டுது. கராம்பை இடிச்சுச் சீலையிலை முடிஞ்சு வைச்சன். என்ர மனுசன் பாயைத் தள்ளிப் போட்ட பிறகுதான் சொன்னனான்."

அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னா. பிறகு, என் பக்கம் திரும்பாமல், மேலே பார்த்துக்கொண்டு சொன்னா:

"எத்தினை தரம் என்ர வீட்டுக்கு வந்திருப்பீங்கள். பிள்ளையை எப்பிடிப் பிடிக்கிறது, பால் எப்பிடிக் குடுக்கிறது எண்டு எல்லாம் சொல்லித் தந்தனீங்கள். இதையும் ஒருக்காச் சொல்லித் தந்திருக்கலாம், என்ன?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பதினான்கு வருடம் அந்த ஊர்ப் பெண்களின் மார்புகளைப் பார்த்தவள் நான். பால் வருகிறதா, காம்பு வெடித்திருக்கிறதா என்று பார்த்தேன். பிள்ளைக்காகப் பார்த்தேன். அவர்களுக்காக ஒருநாளும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெமீலாவின் தங்கை பரீதா வருவாள். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். பஸ் மாறி மாறி வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவருவாள். என்னுடைய புட்டைப் பிசைந்து வலது கைப் பக்கமாக வைப்பாள். கோப்பையில் தேத்தண்ணீரைப் பாதியாக ஊற்றித் தருவாள், சிந்தாமல் இருக்கட்டும் என்று. ஜோசப்புக்கு எழுதிய கடிதத்தைக்கூட அவள்தான் தபாலில் போட்டாள்.

இரண்டாவது ஞாயிறு அவள் வந்து, போத்தலில் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தாள். ஜெமீலா என் கட்டில் விளிம்பைப் பிடித்தா.

"மிஸ்ஸி, பரீதாவுக்கு ஒருக்காப் பாத்து விடுங்கோ. எங்கட உம்மாவும் இப்பிடி ஏதோ ஒண்டிலைதான் மௌத்தானவ. அப்ப ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நான் சொன்னால் இவள் சிரிப்பாள். நீங்கள் சொன்னால் கேப்பாள்."

"இண்டைக்குக் கை நோகுது ஜெமீலா. வாற கிழமை பாப்பம்."

கை நொந்தது உண்மை. ஆனால் எனக்கு வலது கை இருந்தது. பார்ப்பதற்கு அது போதும். அந்த விரல்களுக்கு ஏதாவது தட்டுப்பட்டால் நான்தான் வாயைத் திறந்து சொல்லவேண்டும். அந்தச் சகோதரிகள் இருவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஜெமீலா என்னைப் பார்த்தா. "சரி மிஸ்ஸி" என்றா.

வியாழக்கிழமை காலை என்னைத் தையல் வெட்டக் கீழே கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. மெத்தையை நிமிர்த்தி வைத்து மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "கெதர யெவ்வா" என்றாள் தாதி. வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அந்த வார்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். சுகமாகிப் போகிறவர்களுக்கு அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இவள் சிரிக்கவில்லை. பரீதா வந்து கூட்டிக்கொண்டு போனாளாம். என்னிடம் சொல்லிப் போக என் கட்டிலடியில் கொஞ்ச நேரம் நின்றார்களாம்.

அதற்குப் பிறகு எனக்கு ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சை. எங்கள் சனம் அதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்லும். எக்ஸ்ரே போலத்தான், ஆனால் பலமானது, மிச்சம் மீதியாக இருக்கக்கூடிய நோயைச் சுட்டுவிடுவதற்கு. மையால் நெஞ்சில் கோடு கீறி, குளிர்ந்த அறையில் தனியே படுக்கவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடமும் எனக்குப் பக்கத்தில் யாரோ படுத்திருப்பது போல இருக்கும். தலையைத் திருப்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் திருப்பவில்லை. ஒடிகொலோன் மணந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு மணந்தது.

மூன்றாவது கிழமை, தாதியிடம் கெஞ்சி ஜெமீலாவின் விலாசத்தை எடுத்தேன். பரீதாவுக்குக் கடிதம் எழுதினேன். ஜெமீலாவுக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுக்காததையெல்லாம் அதில் எழுதினேன்:

மாதச் சுகயீனம் தொடங்கி ஏழெட்டு நாள் போன பிறகு பார். அது நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒருநாளைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். கண்ணாடிக்கு முன்னால் கையைத் தூக்கி நின்று பார். தோலில் குழி விழுந்திருக்கிறதா, காம்பு உள்ளே இழுபட்டிருக்கிறதா, நீரோ ரத்தமோ வருகிறதா. பிறகு படுத்துக்கொண்டு நடு மூன்று விரலையும் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவு. காறையெலும்பு வரைக்கும், அக்குள் வரைக்கும். கட்டி இருந்தால் நோவில்லை என்று விடாதே. அநேகமான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று விரல் சொல்லாது, டொக்டர்தான் சொல்லவேண்டும். உன் உம்மாவுக்கும் ராத்தா ஜெமீலாவுக்கும் வந்தபடியால், ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருதரம் போய்க் காட்டு.

கீழே, ஜெமீலா என்னிடம் கேட்டதையும், நான் அதற்குச் சொன்ன பதிலையும் எழுதினேன். அதை எழுதாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

பிணை நின்ற மனுசன் காத்திருந்தபடியால் சிகிச்சை முடிந்ததும் வன்னிக்குத் திரும்பினேன். ஜோசப் என் நெஞ்சைக் காட்டச் சொல்லிக் கேட்டார். காட்டினேன். தழும்பின் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரைக்கும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தைச்சிருக்கிறாங்கள்" என்றார், கிழிந்த வலை பொத்துகிறவரின் கண்ணால். அன்றைக்குத்தான் நான் முதல் முதலாக அழுதேன்.

மூன்று மாதம் கழித்து, சோதனைக்காக நான்கு இடத்தில் திறந்து ஒட்டப்பட்ட ஒரு கடிதம் வந்தது. ராத்தா வீட்டுக்குப் போன பதினோராம் நாள் மௌத்தாகிவிட்டா என்று பரீதா எழுதியிருந்தாள். பிறகு இப்படி:

"நீங்கள் எழுதினபடி பாத்தனான். வலப்பக்கம் ஒண்டு இருக்குது. மஞ்சாடிக் கொட்டை அளவு. ஆரிட்டையும் சொல்லேல்லை. உங்களுக்கு மட்டும் சொல்லுறன்."

அந்தக் கடிதம் எழுதி எட்டுக் கிழமை ஆகியிருந்தது. உடனே போ, எனக்காகக் காத்திருக்காதே என்று பதில் எழுதினேன். கொழும்பு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இருக்கும் தாதிக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு துண்டும் எழுதி உள்ளே வைத்தேன். அதை அனுப்பிய கிழமையே சண்டை தொடங்கிப் பாதை மூடியது. தபாலும் நின்றது. ஏழு மாதம் ஒரு செய்தியும் இல்லை. குளத்தடியில் துணி தோய்க்கும் பெண்களுக்குள் பரீதாவைக் காண்பேன். கிட்டப் போனால் வேறு யாரோவாக இருப்பாள். சில நேரம் அது ஜெமீலாவாக இருக்கும். அவ ஒன்றும் சொல்லமாட்டா. "சரி மிஸ்ஸி" என்ற அந்த முகம் மட்டும்தான்.

பாதை திறந்தபோது என்னுடைய மறுபரிசோதனை நாள் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. திரும்பவும் பாஸ், திரும்பவும் பிணை. அந்த மண்டபத்துக்குள் போய் மஞ்சள் அட்டையைக் கொடுத்துவிட்டு உட்கார இடம் தேடினேன். மூன்றாவது வாங்கில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

பரீதா. மடியில் மஞ்சள் அட்டை.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் சொன்னாள். என் துண்டைக் காட்டியதும் தாதி அன்றைக்கே உள்ளே விட்டாளாம். ஊசி குத்தியதில் புற்றுநோய்தான் என்று வந்தது. ஆனால் சின்னது, அக்குளுக்குப் பரவவில்லை. கட்டியையும் சுற்றியிருந்த சதையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் பிடித்தார்கள். மார்பு தப்பியது. இன்றைக்கு அவளுக்கும் மறுபரிசோதனை.

"பரீதா, உங்கட ராத்தா என்னட்டைக் கேட்டவ. நான் பிந்திப் போட்டன்."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பிந்தினனீங்கள்தான் மிஸ்ஸி. நான் அந்தக் கடிதத்தை வாசிச்சுப்போட்டு உங்களிலை சரியான கோவத்திலை இருந்தனான். ராத்தாவை நிலத்திலை வைச்ச நாப்பதாம் நாள் அது வந்தது. கிழிச்செறியத்தான் எடுத்தன். பிறகு ராத்தா கேட்டதெண்டு எழுதியிருந்ததைப் பாத்தன். அதுக்காகத்தான் தொட்டுப் பாத்தனான்."

பிறகு அவள் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"நீங்கள் மற்றப் பக்கத்தைப் பாக்கிறனீங்களோ?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை. ஒரு வருடமாக நான் பார்க்கவில்லை. கிளினிக்கில் பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தேன், துணிப் பொம்மையில் செய்து காட்டினேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் மிஞ்சியிருந்த மார்பில் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"பயம் பரீதா."

"எழும்புங்கோ."

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பெண்களின் கழுவும் அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். என் சட்டை ஊசிகளைக் கழற்றினாள். நான் கடிதத்தில் எழுதியிருந்தபடியே, நடு மூன்று விரலையும் தட்டையாக வைத்து, வட்டமாக, காறையெலும்பு வரைக்கும், அக்குள் வரைக்கும் பார்த்தாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை.

"எனக்கு ஒண்டும் தட்டுப்படேல்லை" என்றாள். "இப்ப நீங்கள் பாருங்கோ."

பார்த்தேன். அன்று பின்னேரம் டொக்டரும் பார்த்தார், படமும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் திரும்ப வரச் சொன்னார்கள்.

இதை எழுதுகிற இந்த நாளிலும் எனக்குச் சுகம்தான். பரீதாவும் சுகம் என்று போன மாதம் எழுதியிருந்தாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பூசைக்குப் போகமுன், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்க்கிறேன். இப்போதும் பயம்தான். பயத்தோடேயே பார்க்கிறேன்.